நகைச்சுவை மன அழுத்தத்தைத் தணிக்கிறதா? லெஃப்கோர்ட் வழியில் ஓர் ஆய்வைத் தொடங்கி முடிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தன் வாழ்க்கையில் நடப்பவை பெரும்பாலும் தன் கையில்தான் இருக்கின்றன என்று நம்புகிறவர் இடர்களை வேறு விதமாகத் தாங்குகிறாரா? நகைச்சுவை உணர்வு உள்ளவர் எப்படித் தாங்குகிறார்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஹெர்பர்ட் லெஃப்கோர்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்விகள் இவை. முதுநிலை உளவியல் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை விரும்பி எடுக்கிறார்கள். செலவு குறைவு, கேள்விப்படிவம் போதும், தலைப்பும் மனத்துக்கு இதமானது. ஆனால் நான் படித்துப் பார்த்த ஏடுகளில் பெரும்பான்மை ஒரே இடத்தில் சரிந்தன. நகைச்சுவை தணிக்கிறதா என்று கேட்டுவிட்டு, வேறொரு கேள்விக்கு விடை கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சரிவைத் தவிர்க்கும் வரிசையில் இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். படிகளை முன்பின் மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு முதல் ஆறு மாத அவகாசம். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் அளவுகோலுக்கும் உரிய அனுமதி. புள்ளியியலுக்கு ஜாஸ்ப் அல்லது ஆர் என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு அறிந்த மூவர். இந்த மூவரைக் கடைசியில் தேடுபவர்களே அதிகம். ஐந்தாம் படியைப் படித்தால் அவர்கள் ஏன் முதலில் தேவை என்பது புரியும்.

1. எதிர்பார்க்கும் கோட்டை முதலில் தாளில் வரையுங்கள்

ஒரு தாளை எடுங்கள். கிடைக்கோட்டில் அழுத்தக் காரணிகள், அதாவது ஒருவருக்கு நேர்ந்த இடர்கள். செங்கோட்டில் மனச்சோர்வு. நகைச்சுவை குறைந்தவர்களுக்கு ஒரு கோடு, மிகுந்தவர்களுக்கு ஒரு கோடு வரையுங்கள்.

இரண்டு கோடுகளும் இணையாக ஏறி, நகைச்சுவை மிகுந்தவர்களின் கோடு கீழே இருந்தால், அவர்கள் எப்போதும் சற்று மகிழ்ச்சியானவர்கள் என்பதே பொருள். இடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வித்தியாசம் இருக்கும். இது நேரடி விளைவு.

இடர் குறைவான இடத்தில் இரண்டு கோடுகளும் நெருங்கியிருந்து, இடர் கூடக் கூட ஒன்று செங்குத்தாக ஏறி மற்றொன்று சாய்வாக ஏறினால் மட்டுமே நகைச்சுவை தணிக்கிறது என்று சொல்லலாம். லெஃப்கோர்ட்டும் அவருடைய மாணவர் ராட் மார்ட்டினும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் தேடியது இந்த விரிசலைத்தான்.

நகைச்சுவைக்கும் மனச்சோர்வுக்கும் எதிர்மறை ஒட்டுறவு, அதாவது ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் தொடர்பு, இருந்தது, ஆகவே நகைச்சுவை அழுத்தத்தைத் தணிக்கிறது என்று முடிவுரை எழுதுவதுதான் இத்துறையின் மிகப் பரவலான பிழை. அந்த ஒட்டுறவு இணைகோடுகளிலும் வரும். எனவே நீங்கள் வரைந்த படத்தை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த விரிசலைக் காண உதவுகிறதா என்று பாருங்கள்.

2. இடரையும் வேதனையையும் தனித்தனியே அளக்க ஏற்பாடு செய்யுங்கள்

"மன அழுத்தம்" என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. தந்தைக்கு உடல்நலம் குன்றியது, அரியர் விழுந்தது, விடுதிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பவை நேர்ந்தவை. தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு ஆகியவை அவற்றால் விளைந்தவை. ஒரே அளவுகோல் இரண்டையும் அளந்தால் படத்தின் இரு அச்சுகளும் ஒன்றாகிவிடும்.

கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோல் நல்ல கருவிதான்; பத்துக் கூற்று வடிவம் எங்கும் கிடைக்கிறது. ஆனால் வாழ்வின் முக்கியமான விஷயங்களை உங்களால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று அதுவே கேட்கிறது. நடப்பவை தன் கையில் இருக்கின்றன என்ற கட்டுப்பாட்டு நம்பிக்கையோடு அதை ஒட்டுறவுபடுத்தினால் வலுவான எண் வரும். வியக்க எதுவும் இல்லை. ஒரே கேள்வியை இருமுறை கேட்டிருக்கிறீர்கள்.

நேர்ந்த இடர்களுக்கு நிகழ்வுப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஹோம்ஸும் ரேயும் 1967இல் உருவாக்கிய 43 நிகழ்வுகளின் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். அடமானக் கடன், விவாகரத்து, பணி ஓய்வு என்று நடுவயதினரின் வாழ்க்கையை வைத்து அமைந்தது அது. இருபது வயது மாணவர் பாதிக்கு மேல் "இல்லை" என்பார். இடரின் அளவில் ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் கோடு வரைய இடமே இருக்காது. உங்கள் மாணவர்களில் பதினைந்து பேரிடம் அண்மையில் நேர்ந்த சிரமங்களைக் கேட்டு, வெளியான மாணவர் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டு, முப்பது நாற்பது நிகழ்வுகளைத் தேருங்கள்.

"கடந்த ஆறு மாதங்களில்" என்று கேட்பதைவிட "பொங்கல் விடுமுறைக்குப் பிறகு" என்பது போல ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள். நினைவு அப்போதுதான் நிற்கும். நிகழ்வு எவ்வளவு வருத்தியது என்று பதிலளிப்பவரையே மதிப்பிடச் சொன்னால் வேதனை மீண்டும் உள்ளே நுழைந்துவிடும். நிகழ்ந்ததா இல்லையா என்பது மட்டும் போதும்.

விளைந்த வேதனைக்கு டாஸ் 21 போன்ற ஒன்று பொருந்தும். மனச்சோர்வு, பதற்றம், இறுக்கம் ஒவ்வொன்றுக்கும் ஏழு கூற்றுகள் அதில் உண்டு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். நெசுவும் குழுவினரும் 1988இல் நடத்திய ஆய்வில் நகைச்சுவை மனச்சோர்வைத் தணித்தது, பதற்றத்தைத் தணிக்கவில்லை. கூட்டியிருந்தால் அந்த வேறுபாடே தெரிந்திருக்காது.

3. கட்டுப்பாட்டு நம்பிக்கையை அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

அளக்கப்போவது ஒருவரிடம் இருக்கும் அதிகாரத்தை அன்று. தன்னிடம் இருப்பதாக அவர் நம்புவதை. கிளாஸும் சிங்கரும் 1972இல் நூலாக்கிய இரைச்சல் சோதனைகளை நினைவில் வையுங்கள். இரைச்சலை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது, முடிந்தவரை அழுத்தாதீர்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்கள் அதை அழுத்தவில்லை. அதே இரைச்சலைத்தான் கேட்டார்கள். ஆனாலும் பிறகு கொடுத்த தீராப் புதிர்களில் மற்றவர்களைவிட நீண்ட நேரம் முயன்றார்கள். லெஃப்கோர்ட் கட்டுப்பாட்டு உணர்வைப் பற்றி 1973இல் எழுதிய கட்டுரைக்கு இவ்வகைச் சோதனைகளே அடித்தளம்.

ராட்டரின் 1966ஆம் ஆண்டு அளவுகோலில் 29 இணைக்கூற்றுகள். அவற்றில் ஆறு வெறும் நிரப்பிகள். மதிப்பெண் 0 முதல் 23 வரை. எண் கூடினால் கட்டுப்பாடு வெளியே இருக்கிறது என்ற நம்பிக்கை கூடுகிறது. இதைத் தலைகீழாகப் படித்து, முடிவு முழுவதையும் எதிராக எழுதிய ஏட்டை நான் பார்த்திருக்கிறேன். திசையைப் படிவத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை லெவன்சனின் அளவுகோல். தன்முயற்சி, வலியவர்களின் கை, தற்செயல் என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு எட்டுக் கூற்றுகள். ராட்டரின் படிவம் முயற்சியா அதிர்ஷ்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நம்மவர் பலர் இரண்டையும் முழுமனத்தோடு நம்புகிறார்கள். தேர்வுக்கு இரவு பகலாகப் படிப்பார்கள், நல்ல நேரமும் பார்ப்பார்கள். தனித்தனியே அளந்தால்தான் இரண்டும் பதிவாகும். "வலியவர்கள்" என்ற பிரிவும் இங்கே வெறும் கோட்பாடாக நிற்பதில்லை. எந்தப் பாடம் படிப்பது, யாரை மணப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யும் வீட்டில் அந்தப் பிரிவின் மதிப்பெண் உண்மை நிலவரத்தையே சொல்லக்கூடும். அதை ஆளுமைக் குறைபாடாக எழுதிவிடாதீர்கள்.

4. நகைச்சுவையில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

மார்ட்டினும் லெஃப்கோர்ட்டும் இரு கருவிகளை உருவாக்கினார்கள். இடரை எதிர்கொள்ள நகைச்சுவையைப் பயன்படுத்துவதை அளக்கும் ஏழு கூற்று அளவுகோல் ஒன்று. 21 கேள்விகள் கொண்ட சூழ்நிலைச் சிரிப்பு வினாநிரல் மற்றொன்று.

முதலாவது சுருக்கமானது, அதனால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். வேடிக்கையான ஒன்றைத் தேடியதால் என் பிரச்சினைகள் பெருமளவு குறைந்தன என்ற பொருளில் அதில் ஒரு கூற்று இருக்கிறது. நிரூபிக்க வேண்டியதை அந்தக் கூற்றே சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் இந்தச் சிக்கல் குறைவு. உணவகத்தில் பரிமாறுபவர் உங்கள் மேல் பானத்தைச் சிந்திவிட்டால் எவ்வளவு சிரித்திருப்பீர்கள் என்பது போல நடத்தையைக் கேட்கிறது.

2003இல் மார்ட்டினும் குழுவினரும் வெளியிட்ட நகைச்சுவைப் பாணி வினாநிரல் இன்று அதிகம் பயன்படுகிறது. 32 கூற்றுகள், நான்கு பாணிகள்: பிறரோடு இணைவது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னைத் தாழ்த்திக்கொள்வது. நான்கையும் கூட்டி "மொத்த நகைச்சுவை" என்ற எண்ணை உருவாக்குவது பொருளற்ற செயல். நோய்க்கட்டிலில் கிடந்தபடி தன் நிலையில் வேடிக்கை காண்பவரையும் நண்பனை நாலு பேர் முன்னால் கேலி செய்து நோகடிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கிறது அது. உங்கள் கேள்விக்கு உரியது தேற்றிக்கொள்ளும் பாணி. முதன்மைக் கருதுகோளை அதற்கு மட்டும் எழுதுங்கள்.

கருவிகள் முடிவானதும் ஒரு சோதனை. எல்லாக் கூற்றுகளையும் தனித்தனித் துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கி, ஆய்வைப் பற்றி அறியாத நண்பரிடம் கொடுத்து, இடர், கட்டுப்பாடு, நகைச்சுவை, வேதனை என நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவர் தயங்குகிறாரோ அந்தக் கூற்று கலப்படமானது. குறித்துவைத்து, பகுப்பாய்வை அதனோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் செய்யுங்கள்.

5. தமிழாக்கம்: அவசரப்படக் கூடாத படி

தமிழ் வடிவம் ஏற்கெனவே வெளியாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். பொருள் எங்கே நழுவியது என்பது அப்போது தெரியும்.

எதிர்மறைக் கூற்றுகளில் அதிகக் கவனம் வேண்டும். பாணி வினாநிரலில் 11 கூற்றுகளைத் தலைகீழாக மதிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது வினையின் வாலில், கடைசி அசையில் இருக்கிறது: "சிரிக்கிறேன்", "சிரிப்பதில்லை". முப்பதாவது கூற்றுக்கு வந்து களைத்த கண் அதைத் தவறவிடும். போதாக்குறைக்குப் பதில் கட்டமும் "உடன்படவில்லை" என்கிறது. இல்லை என்பதற்கு இல்லை என்று சொல்வதா என்று குழம்பி நடுக்கட்டத்தில் குறித்துவிடுகிறார்கள். "நண்பர்களோடு இருக்கும்போதும் நான் சிரிப்பது அரிது" என்பது போல, மறுப்பைச் சொல்லின் பொருளுக்குள் கொண்டுவாருங்கள். முடியாத இடத்தில் மறுப்புச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

சொல்தேர்வும் எண்ணை மாற்றும். தற்செயலைக் குறிக்க "அதிர்ஷ்டம்" என்றால் பலர் மறுப்பார்கள், "தலைவிதி" என்றால் அவர்களே ஏற்பார்கள். முதலாவது லாட்டரிச் சீட்டை நினைவூட்டுகிறது, இரண்டாவது வாழ்க்கையை. லெவன்சன் கேட்பது தாறுமாறான தற்செயலை. விதி என்பதிலோ ஓர் ஒழுங்கும் காரணமும் இருப்பதாகவே நம்புகிறோம். நான் "தற்செயலாக அமைவது" என்ற சொற்றொடரையே விரும்புகிறேன். அதேபோல் "கிண்டல்" நட்புக்குரியது, "கேலி" தைக்கக்கூடியது. இணையும் பாணியில் "கேலி" நுழைந்தால் அது தாக்கும் பாணியின் பக்கம் சாய்ந்துவிடும்.

சூழ்நிலைக் கேள்விகளில் நிகழ்ச்சியையே மாற்ற வேண்டியிருக்கும். விருந்தில் இன்னொருவர் உங்களைப் போலவே உடுத்தி வந்திருந்தால் என்ற கேள்வி, திருமணத்தில் அதே புடவை என்று மாறினால் உயிர் பெறும். ஆனால் ஒரு கேள்வியை மாற்றினாலும் அது புதிய கருவி. அனுமதி தந்தவரிடம் சொல்லுங்கள், ஏட்டிலும் எழுதுங்கள்.

முடிந்ததும் எட்டுப் பத்துப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, உரக்கப் படித்து நினைப்பதைச் சொல்லியபடி நிரப்பச் சொல்லுங்கள். துன்பத்திலும் சிரிப்பேன் என்ற கூற்றுக்குப் பலர் யோசிக்காமல் உயர்ந்த மதிப்பெண் தருவார்கள். துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லும் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். சிரிக்க வேண்டும் என்பதையே சிரிக்கிறேன் என்று எழுதிவிடுகிறார்கள். "கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அந்தக் கூற்றை நடந்ததைக் கேட்கும் விதத்தில் திருத்துங்கள்.

6. எத்தனை பேர் வேண்டும் என்று இப்போதே கணக்கிடுங்கள்

நடுத்தர அளவுள்ள ஓர் ஒட்டுறவைக் காண ஏறக்குறைய 85 பேர் போதும். கோடுகளின் விரிசல் பெரும்பாலும் மிகச் சிறியது. மாறுபாட்டில் இரண்டு விழுக்காட்டை ஒட்டிய விளைவைக் காண, வழக்கமான 80 விழுக்காட்டு ஆற்றலுக்கு (உண்மையில் இருக்கும் விளைவு கண்ணில் படும் வாய்ப்புக்கு), ஏறக்குறைய 395 பேர் தேவை. நூறு பேரோடு தேடிவிட்டுத் தணிப்பு இல்லை என்று எழுதுவது மங்கிய கண்ணாடியோடு நட்சத்திரம் தேடுவது. நானூறு பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால் உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் இப்போதே பேசி, நேரடி விளைவைக் கேட்கும் தலைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். தகவல் திரட்டிய பிறகு மாற்ற முடியாது.

7. படிவத்தின் வரிசை

வேதனை அளவுகோலை முதலில் வையுங்கள். பிறகு கட்டுப்பாடு, நகைச்சுவை. நிகழ்வுப் பட்டியல் கடைசியில். நேர்ந்த துயரங்களை எல்லாம் நினைவுகூர்ந்த பின் மனநிலையைக் கேட்டால், நீங்களே உண்டாக்கிய மனநிலையை அளப்பீர்கள்.

இரு முறை சந்திக்க முடிந்தால் மேலும் நல்லது. பருவத் தொடக்கத்தில் கட்டுப்பாடும் நகைச்சுவையும், பருவ முடிவில் நிகழ்வுகளும் வேதனையும். மனம் சோர்ந்தவருக்கு நகைச்சுவையும் வற்றிவிடும். ஒரே நாளில் எல்லாம் கேட்டால் எது எதை உண்டாக்கியது என்று பிரிக்க வழியில்லை. இரண்டாம் முறை பலர் வர மாட்டார்கள், அதனால் தொடக்கத்தில் கூடுதலாக நூறு பேரைச் சேருங்கள்.

கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அச்சிடுங்கள். சாகும் எண்ணத்தைக் கேட்கும் கேள்வி எதுவும் படிவத்தில் இருந்தால், பதில்களை அன்றன்றே படித்து உதவியோடு இணைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெயர் இல்லாப் படிவத்தில் அது நடக்காது. அந்த ஏற்பாடு உங்களால் இயலாது என்றால் அந்தக் கேள்வியைச் சேர்க்காதீர்கள்.

8. பகுப்பாய்வு

முதலில் துப்புரவு. தலைகீழ்க் கூற்றுகளைத் திருப்புங்கள். ஒவ்வோர் அளவுகோலுக்கும், அதன் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா மதிப்பைப் பாருங்கள். அது வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்திருந்தால், பெரும்பாலும் நீங்கள் திருப்ப மறந்த கூற்று ஒன்று இருக்கும்.

அடுத்து, இடர், நகைச்சுவை இரண்டையும் திட்ட மதிப்பாக மாற்றுங்கள்: சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், நகைச்சுவை பூச்சியமாக உள்ள, உலகில் இல்லாத ஒருவருக்கு உரிய சரிவையே மென்பொருள் சொல்லும்.

பிறகு இரண்டையும் பெருக்கி மூன்றாவது மாறி ஒன்றை உருவாக்கி, மூன்றையும் கொண்டு வேதனையைக் கணிக்கும் ஒரே ரிக்ரெஷன் சமன்பாட்டில் இடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கெழு, அதாவது அதன் தாக்கத்தைக் காட்டும் எண், கிடைக்கும். தணிப்பு என்பது பெருக்கல் மாறியின் கெழுவில் மட்டும் இருக்கிறது.

கற்பனை எண்களில் பார்ப்போம். இடரின் கெழு 0.40, பெருக்கல் மாறியின் கெழு மைனஸ் 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நகைச்சுவை சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் மேலே இருப்பவருக்கு இடரின் சரிவு 0.40இலிருந்து 0.15ஐக் கழித்து 0.25. ஒரு விலக்கம் கீழே இருப்பவருக்கு 0.55. இந்த இரண்டு கோடுகளையும் வரைந்து, மேசைக்கு எதிரே ஒட்டிய படத்தோடு ஒப்பிடுங்கள். குறி எதிர்மறை என்பதால் மட்டும் கருதுகோள் நிறைவேறியதாக எழுதாதீர்கள். கோடுகள் இடர் குறைவான முனையில் விரிந்து மிகுந்த முனையில் ஒட்டினாலும் குறி எதிர்மறையாக வரக்கூடும். அதன் கதை வேறு.

மூன்று தவறுகளை அடிக்கடி காண்கிறேன். நகைச்சுவையை நடுவெண்ணில் வெட்டி "உயர்", "தாழ்" குழுக்களாக்குவது முதலாவது. உழைத்துத் திரட்டிய தகவலின் பெரும்பகுதி அதில் வீணாகிறது. தனி மாறிகளை விட்டுவிட்டுப் பெருக்கல் மாறியை மட்டும் இடுவது இரண்டாவது. அந்தக் கெழுவுக்குப் பொருளே இல்லை. கட்டுப்பாடு, நகைச்சுவை, இடர் மூன்றையும் சேர்த்துப் பெருக்குவது மூன்றாவது. கேட்பதற்கு அழகான கேள்விதான், ஆனால் நானூறு பேர் அதற்குப் போதவே போதாது. கட்டுப்பாட்டுக்கு ஒன்று, நகைச்சுவைக்கு ஒன்று எனத் தனித்தனிச் சமன்பாடுகளாகச் செய்யுங்கள்.

9. முடிவை எழுதுதல்

விரிசல் கிடைக்காவிட்டால் மாணவர்கள் கலங்கிப்போகிறார்கள். சிலர் பாணிகளையும் உட்பிரிவுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஏதோ ஒன்று தேறும்வரை நிறுத்துவதில்லை. இருபது பொருத்தங்களில் ஒன்று வெறும் தற்செயலாகவே தேறும். அப்படி வந்ததை முதன்மை முடிவாக எழுதுவது, உங்களுக்கு நேரம் கொடுத்து உண்மையைச் சொன்ன நானூறு பேருக்கும் செய்யும் தவறு.

தணிப்பு இல்லை என்பதும் இத்துறைக்குத் தேவையான செய்தி. 1983இல் மார்ட்டினும் லெஃப்கோர்ட்டும் கண்ட தணிப்பை 1987இல் போர்ட்டர்ஃபீல்டின் ஆய்வு காணவில்லை. நகைச்சுவைக்கும் குறைந்த மனச்சோர்வுக்கும் நேரடித் தொடர்பை மட்டுமே கண்டது. சோதனைக்கூடத்தில் நியூமனும் ஸ்டோனும் 1996இல், தொழிற்கூட விபத்துப் படம் ஒன்றுக்கு வேடிக்கையான வர்ணனை சொல்லச் சொன்னபோது, இறுக்கமான வர்ணனை சொன்னவர்களைவிட உடலின் பதற்றக் குறிகள் குறைந்திருந்தன. கேள்விப்படிவத்தில் நழுவுவது சோதனையில் தெரிகிறது. உங்கள் முடிவை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று சொல்லுங்கள்.

"நகைச்சுவை மனச்சோர்வைக் குறைக்கிறது" என்ற வினையை ஒருமுறை அளந்த ஆய்வில் எழுதாதீர்கள். "நகைச்சுவை மிகுந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது" என்று எழுதுங்கள். பரிந்துரைப் பகுதியில் "மாணவர்கள் அதிகம் சிரிக்க வேண்டும்" என்ற வரி வந்துவிடாமலும் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாத மாணவருக்கு அது எந்த உதவியும் இல்லை. உங்கள் ஆய்வும் அதைக் காட்டவில்லை.

ஏட்டைக் கொடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். கண்டதை ஒரு பக்கத்தில், கலைச்சொல் இல்லாமல் எழுதி, படிவம் நிரப்பிய வகுப்புகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேள்விப்படிவங்களை நெறிமுறைக் குழு சொன்ன காலம்வரை பூட்டிவைத்து, பிறகு அழித்துவிடுங்கள்.